டாலரில் ஒரு வர்ணாசிரமம்

போன மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டியல் வந்து விழுந்தது. அமெரிக்காவில் எந்த நாட்டு வம்சாவளிக் குடும்பம் ஆண்டுக்கு எவ்வளவு சம்பாதிக்கிறது என்று வரிசைப்படுத்திய பட்டியல். முதலிடம் இந்தியர். அடுத்த அரை மணி நேரம் கைதட்டும் பொம்மைகளும் தேசியக்கொடிகளுமாகக் குழு நிரம்பி வழிந்தது. பெரியப்பா ஒரு கும்பிடு போட்டார். அவர் அமெரிக்கா போனதே இல்லை. ஆனாலும் அந்த முதலிடத்தில் தனக்கும் ஒரு பங்கு உண்டு என்று அந்தக் கும்பிடு சொன்னது.

பட்டியல் என்றால் முதல் வரியை விட்டுவிட்டு நடுவில் கிடப்பதைப் படிப்பது என் பழக்கம். அங்கே செக் வம்சாவளியினர் இருந்தார்கள், நாட்டின் நடுத்தர வருமானத்துக்குச் சற்று மேலே. அவர்களுக்கும் கீழே தாய்லாந்து வம்சாவளியினர். இதற்கும் குழுவில் விளக்கம் தயாராக இருந்தது. சித்தப்பா எழுதினார்: “வெள்ளக்காரன் உழைப்பாளி. தாய்லாந்துக்காரன் சோறும் மசாஜும்னே இருந்துட்டான்.”

சித்தப்பா ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். கிலோவையும் லிட்டரையும் கூட்டினால் விடை வராது என்று எனக்குப் பிரம்பால் சொல்லிக்கொடுத்தவர். அவரே இப்படி எழுதியதுதான் என்னை உட்காரவைத்தது. பெரிய சமூகங்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்த இரண்டு வரிகளை மட்டும் சுரண்டிப் பார்க்கலாம் என்று தோன்றியது. நமக்கு இருவருமே சொந்தமில்லை, பகையுமில்லை. அறுத்துப் பார்க்கக் கை நடுங்காது.

முதலில் தாய்லாந்துக்காரர்கள். அமெரிக்காவில் பேர் சொல்லும்படி குடியேறிய முதல் சியாமியர்கள் இரண்டு பேர், உடம்பால் ஒருவர். சாங், எங். நெஞ்சுக்குக் கீழே ஒரு சதைப் பட்டையால் ஒட்டிப் பிறந்தவர்கள். ‘சியாமிய இரட்டையர்’ என்ற பெயரே வந்தது இவர்களால்தான். 1829-ல் பாஸ்டன் துறைமுகத்தில் இறங்கினார்கள், காட்சிப்பொருளாக. காசு கொடுத்துப் பார்க்க வந்தவர்களுக்கு முன்னால் வித்தை காட்டினார்கள். வயது வந்ததும் தங்களைக் கொண்டுவந்தவரிடமிருந்து பிரிந்து சொந்தமாகவே காட்சி நடத்தினார்கள். பணம் சேர்ந்தது. வட கரோலினாவில் நிலம் வாங்கி, 1839-ல் குடியுரிமை பெற்று, பங்கர் என்று குடும்பப் பெயர் வைத்துக்கொண்டு, 1843-ல் அக்காள் தங்கையான இரண்டு வெள்ளைக்காரப் பெண்களை மணந்தார்கள். இருவருக்குமாக 21 பிள்ளைகள்.

அப்போதைய சட்டப்படி ‘சுதந்திரமான வெள்ளையர்’ மட்டுமே குடியுரிமை பெறலாம். ஒட்டிப் பிறந்த இந்த இரண்டு ஆசியர்களுக்கு எப்படிக் கிடைத்தது? உள்ளூர் மன்றத்தில் யாரும் சட்டப்புத்தகத்தைத் தூக்கவில்லை, அவ்வளவுதான். கையில் பணம் இருந்தால் தோலின் நிறம் கண்ணுக்குத் தெரியாமல் போவது நம் ஊருக்கு மட்டும் உரிய அதிசயம் அல்ல. பணத்தை வைத்து அவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அடிமைகளை விலைக்கு வாங்கினார்கள். வாங்கி, பண்ணையில் உழைக்க வைத்தார்கள். உள்நாட்டுப் போரில் அவர்களுடைய பிள்ளைகள் அடிமை முறைக்காகத் துப்பாக்கி தூக்கினார்கள்.

1850-ல் யாராவது இதே பட்டியலைப் போட்டிருந்தால் சியாமியர்கள் மேல்வரிசையில் இருந்திருப்பார்கள். சராசரி எடுக்க இரண்டு பேர், இருவரும் பண்ணையார்கள். சித்தப்பா அன்று இருந்திருந்தால், “சியாமியன் ரத்தத்துலயே வியாபாரம் ஓடுது” என்று எழுதியிருப்பார். குழு கைதட்டியிருக்கும். அந்தப் பண்ணையில் குனிந்து நின்றவர்கள் எந்தச் சராசரியிலும் வரமாட்டார்கள். அவர்கள் சொத்துக் கணக்கில் வருவார்கள்.

அதைவிட வேடிக்கை அடுத்தது. அந்த 21 பிள்ளைகளின் வாரிசுகள் இன்று ஆயிரத்துக்கும் மேல் இருக்கிறார்கள். மவுண்ட் ஏரி என்ற ஊரில் ஆண்டுதோறும் கூடிச் சாப்பிடுகிறார்கள். அந்தப் பரம்பரையில் அமெரிக்க விமானப்படைத் தளபதிகூட ஒருவர் உண்டு. ஆனால் தாய்லாந்து வரியில் இவர்களைத் தேடாதீர்கள். வெள்ளையர்களோடு தலைமுறை தலைமுறையாகக் கலந்து, வெள்ளையர் என்றே எழுதிக்கொண்டு வெளியேறிவிட்டார்கள். ஆக, அந்நாட்டில் மிக ஆழமாக வேர்விட்ட சியாமியக் குடும்பம் சியாமியர் கணக்கில் இல்லை. கணக்கில் இருப்பவர்கள் பெரும்பாலும் நேற்றும் முந்தாநாளும் வந்தவர்கள்.

இனி செக் பக்கம். 1890-ல் ஜேக்கப் ரீஸ் என்ற பத்திரிகையாளர் நியூயார்க் ஏழைகளின் குடியிருப்புகளைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். அதில் ஒரு அத்தியாயமே செக்குகளைப் பற்றியது. பொஹீமியர்கள் என்பது அப்போது அவர்களுடைய பெயர். அவர்களுடைய தொழில் வீட்டிலேயே சுருட்டு சுற்றுவது. வீட்டுக்காரன்தான் முதலாளி. அவன் வீட்டில் குடியிருந்தால்தான் அவன் வேலை கிடைக்கும். அவன் கொடுக்கும் கூலியிலிருந்து அவனே வாடகையைப் பிடித்துக்கொள்வான். சமைக்கிற அறையிலேயே புகையிலை காயும், படுக்கிற அறையிலேயே இலை நறுக்குவார்கள். விடியலில் பலகைமுன் உட்கார்ந்த புருஷனும் பெண்டாட்டியும் இரவில்தான் எழுந்திருப்பார்கள். பிள்ளைகள் இலைக்காம்பு கிள்ளும்.

எனக்கு இதைக் கற்பனை செய்ய வேண்டிய அவசியம் இல்லை. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் பீடி சுற்றினார்கள். மடியில் தட்டு, தட்டில் தூள், நகக்கண்ணில் ஏறிய மஞ்சள், சாப்பிடும்போதும் போகாத நாற்றம். கடைக்காரர் கட்டுகளை எண்ணிவிட்டு, ‘கழிவு’ என்று ஒரு கைப்பிடி பீடியைத் தனியே எடுத்துவைப்பார். அதற்குக் கூலி கிடையாது. அந்தப் பீடியை அவர் தூக்கி எறிந்ததையும் நான் பார்த்ததில்லை. அந்த வீட்டுப் பெண்களில் ஒருத்தியைக் காட்டி, “இவள் ரத்தத்தில் உழைப்பு இல்லை” என்று எவனாவது சொல்லியிருந்தால் தட்டால் அடித்திருப்பாள்.

அன்றைய அமெரிக்கன் பொஹீமியர்களைப் பற்றி அதைத்தான் சொன்னான். பொஹீமியரையும் ஹங்கேரியரையும் சேர்த்துப் பிசைந்து ‘போஹங்க்’ என்று ஒரு வசைச்சொல்லே உண்டாக்கினான். மூளை மட்டம், மூட்டை தூக்கத்தான் லாயக்கு என்பது அதற்குப் பொருள். இன்று சித்தப்பா மெச்சுகிற ‘வெள்ளக்காரன் உழைப்பாளி’ இவர்களுடைய பேரன்தான்.

அப்படியென்றால் இடையில் என்ன நடந்தது? ரத்தம் மாறவில்லை. நிலம் கிடைத்தது. 1862-ல் லிங்கன் கையெழுத்திட்ட குடியேற்ற நிலச் சட்டம், ஐந்து வருஷம் தங்கிப் பயிரிடுகிறவனுக்கு 160 ஏக்கரைச் சொற்பப் பதிவுக் கட்டணத்தில் கொடுத்தது. குடிமகனாக இருக்க வேண்டும், அல்லது ஆகப்போவதாக எழுதிக்கொடுக்க வேண்டும். செக்குகள் எழுதிக்கொடுத்தார்கள், நெப்ராஸ்காவுக்குப் போனார்கள். டெக்சாஸில் வேறு வழி. கால்வெஸ்டன் துறைமுகத்தில் இறங்கியவர்கள் முதலில் கூலிக்கும் குத்தகைக்கும் பருத்தி போட்டு, மெல்ல மெல்ல நிலத்தை வாங்கினார்கள். வாங்க விடப்பட்டார்கள் என்பதே முக்கியம். 160 ஏக்கர் என்பது மூன்று தலைமுறைக்கு வங்கிக் கடன், கல்லூரிக் கட்டணம், வறட்சி வந்த வருஷத்தில் விற்க ஒரு துண்டு. அந்த நிலம் யாரிடமிருந்து பிடுங்கப்பட்டது என்று அங்கிருந்த பானி பழங்குடியினரைக் கேட்கலாம். அவர்களுடைய பெயரும் இம்மாதிரிப் பட்டியல்களின் மேல்வரிசையில் இருக்காது.

ஆசியன் அதே சட்டத்தின் கீழ் எழுதிக்கொடுத்திருக்க முடியாது, ஏனென்றால் அவன் குடிமகன் ஆகவே முடியாது. கலிபோர்னியா 1913-ல் இன்னும் ஒரு படி மேலே போய், குடியுரிமைக்குத் தகுதியற்ற அயலார் விவசாய நிலம் வாங்குவதையே தடுத்தது. ‘தகுதியற்ற’ என்ற ஒரே சொல்லால் யாருடைய பெயரையும் சொல்லாமல் ஆசியர் அத்தனை பேரையும் வெளியே நிறுத்திய கெட்டிக்காரத்தனம் அது.

1924 குடியேற்றச் சட்டத்தைப் படித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். நாடு நாடாக ஆண்டுக்கு எத்தனை பேர் வரலாம் என்று ஒதுக்கீடு போட்டிருக்கிறார்கள். செக்கோஸ்லோவாக்கியாவுக்கு 3,073. கீழே தேடினால் சியாமுக்கும் 100 இடம் இருக்கிறது. பரவாயில்லையே என்று நினைப்பீர்கள். குடியுரிமைக்குத் தகுதியற்றவர்களுக்கு அனுமதியில்லை என்று அதே சட்டத்தில் இன்னொரு பிரிவு. அதாவது சியாமின் 100 இடங்களும் சியாமில் பிறந்த வெள்ளைக்காரனுக்கு. பாதிரியார் மகனோ தேக்கு வியாபாரி மகனோ பாங்காக்கில் பிறந்திருந்தால் வரலாம். சியாமியன் வரக்கூடாது. கோயில் தெருவில் வீடு ஒதுக்கிவிட்டு, அத்தெருவில் செருப்புப் போட்டு நடக்காதே என்று சொன்ன ஊர்களை அறிந்த நமக்கு இந்த நகைச்சுவை புரியும்.

செக்குகளுக்கும் 1924 சட்டம் ஒரு அடிதான். 1890 கணக்கெடுப்பை அடிப்படையாக வைத்ததே கிழக்கு ஐரோப்பியரைக் குறைக்கத்தான். ஆனால் அதற்குள் அவர்களில் பெரும்பாலோர் உள்ளே வந்து, நிலத்தில் கால் ஊன்றியிருந்தார்கள். 1931-ல் சிகாகோவுக்கு ஒரு செக் மேயரே வந்துவிட்டார். ஆன்டன் செர்மாக், ஒரு வயதில் கொண்டுவரப்பட்டவர், நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், தள்ளுவண்டியில் விறகு விற்றவர். எதிர்த்து நின்றவர் அந்தத் தள்ளுவண்டியை மேடைக்கு மேடை கேலி செய்தார். தோற்றார்.

தாய்லாந்துக்காரனுக்குக் கதவு உண்மையில் திறந்தது 1965-ல், குடியேற்றச் சட்டம் மாறியபோது. செக் குடும்பத்தில் நான்காம் தலைமுறை கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த வருஷம் அது. திறந்த கதவில் முதலில் வந்தவர்கள் நர்சுகள், டாக்டர்கள், மாணவர்கள். இன்னொரு கதவு வியட்நாம் போர். உடோனிலும் கோராட்டிலும் உத்தபாவோவிலும் அமெரிக்க விமானத் தளங்கள் இருந்தன. தளம் இருக்கிற ஊரில் கல்யாணமும் நடக்கும். அமெரிக்கத் தாய்லாந்துக்காரர்களில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகமாக இருப்பதற்கு இது ஒரு காரணம். படைவீரனை மணந்து கான்சாஸ் சிற்றூருக்குப் போன பெண்ணின் வருமானத்தையும், பாங்காக்கில் படித்துவிட்டுச் சிகாகோ மருத்துவமனைக்கு வந்த டாக்டரின் வருமானத்தையும் கூட்டி வகுத்தால் வருவது யாருடைய வருமானம்? சித்தப்பா, கிலோவும் லிட்டரும்!

‘சோறு’ பற்றி ஒரு வார்த்தை. ஊருக்கு ஊர் தாய் உணவகம் இருப்பதற்குச் சமையல் மோகம் மட்டும் காரணமல்ல. 2000-களின் தொடக்கத்தில் தாய்லாந்து அரசே திட்டம் போட்டு, வெளிநாடுகளில் உணவகம் திறப்பவர்களுக்குக் கைகொடுத்தது. நாம் பண்பாடு என்று நினைப்பதில் பாதி ஏதோ ஒரு அமைச்சகத்தின் கோப்பு.

இப்போது எல் மான்டிக்கு வருவோம். லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் பக்கத்து ஊர். 1995 ஆகஸ்ட் 2 விடியற்காலையில் அதிகாரிகள் அங்கே ஒரு இரண்டு மாடிக் குடியிருப்புக்குள் புகுந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண அடுக்குவீடு. கொஞ்சம் உற்றுப் பார்த்தால் மதில்மேல் இருக்கும் முள்கம்பி உள்பக்கமாகச் சாய்ந்திருப்பது தெரியும். திருடன் வராமல் இருக்கப் போடுகிற கம்பி வெளிப்பக்கம் அல்லவா சாயும்? உள்ளே 72 தாய்லாந்துக்காரர்கள், கிட்டத்தட்ட எல்லோரும் பெண்கள். சன்னல்களில் பலகை அடித்திருந்தது. பகல் முழுவதும், இரவில் பாதியும் தையல் மெஷின். தைத்த துணி பெரிய பெரிய கடைகளின் பெயர் ஒட்டிப் போனது. சிலர் அங்கே அடைபட்டு ஏழு வருஷம் ஆகியிருந்தது. பயணச் செலவு என்று ஒரு கடன் கணக்கு. அரிசியும் சோப்பும் முதலாளியின் கடையிலேயே, வெளிவிலையைவிடப் பலமடங்கு விலையில், கூலியில் கழித்து. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கங்காணி காலத்துத் ‘துண்டு’ முறையைக் கேள்விப்பட்டவர்களுக்கு இந்தக் கணக்கு அச்சடித்தாற்போல் இருக்கும். தொழிலாளியை விற்று வாங்காமலே கடன்சீட்டை மட்டும் கைமாற்றுகிற நாகரிகம் அது.

இதற்கு நூற்றைந்து வருஷத்துக்கு முன்னால் ரீஸ் எழுதிய சுருட்டு வீட்டைத் திரும்ப நினைத்துப் பாருங்கள். வீட்டுக்காரனே முதலாளி, முதலாளியே கடைக்காரன். பொஹீமியன் உட்கார்ந்த இடத்தில் தாய்லாந்துக்காரி உட்கார்ந்திருக்கிறாள், புகையிலை இருந்த இடத்தில் துணி. இரண்டு சமூகங்களையும் ஒப்பிட வேண்டுமென்று அடம் பிடிப்பவர்கள் 1890-ன் செக்கையும் 1995-ன் தாய்லாந்துக்காரியையும் ஒப்பிடட்டும். பேரனையும் பாட்டியையும் ஒரே ஓட்டப்பந்தயத்தில் நிறுத்திவிட்டு, பாட்டி சோம்பேறி என்று சொல்வதை விடட்டும்.

இன்னும் ஒன்று, எனக்கே கசப்பானது. அந்த 72 பேரையும் அடைத்துவைத்தவர்கள் யார்? தாய்லாந்திலிருந்து வந்த ஒரு குடும்பம்தான். அடைத்தவரும் அடைபட்டவரும் ஒரே வரியில், ஒரே ‘தாய்லாந்து வம்சாவளி’யில் வருகிறார்கள். எஜமானியின் லாபமும் அடிமையின் கூலியும் சேர்ந்துதான் ‘சமூகத்தின் நிலை’. சமூகம் முன்னேறியது என்று யாராவது சொல்லும்போதெல்லாம், எந்தப் பக்கத்துக் கம்பி என்று கேட்கத் தோன்றுகிறது. அன்று அந்தப் பெண்களுக்காக நின்றவர்களில் தாய்லாந்துக்காரர்களும் உண்டு, தாய்லாந்தோடு எந்த உறவும் இல்லாத ஜூலி சூ என்ற இளம் வழக்கறிஞரும் உண்டு. அவர்களை மீட்டது வம்சாவளி அல்ல.

இந்த இடத்தில் என் வேஷத்தையும் கொஞ்சம் கலைக்க வேண்டும். செக்குகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தபோது எனக்குள் ஒரு ரகசிய ஆசை இருந்தது. அவர்கள் பேர்போன நாத்திகர்கள். 1876-ல் சிகாகோவில் ஒரு செக் பெண் இறந்தபோது, சாகுமுன் பாவமன்னிப்புக் கேட்கவில்லை என்று கத்தோலிக்கப் பாதிரியார் அவளுக்குப் புதைக்க இடம் மறுத்தார். அந்தப் புதைகுழியைத் தேடி அலைந்த கோபத்தில் மறு ஆண்டே சொந்தக் கல்லறைத் தோட்டம் வாங்கினார்கள், பாதிரியார் அனுமதி தேவைப்படாத தோட்டம். மேயர் செர்மாக்கும் அங்கேதான் புதைக்கப்பட்டார். சுடுகாட்டுப் பாதைக்காக இன்றும் தாசில்தார் அலுவலகத்தில் நிற்கிறவர்களின் ஊரிலிருந்து படிக்கும்போது கண் கலங்கிவிட்டது. சாமியை விட்டார்கள், முன்னேறினார்கள் என்று முடித்துவிட்டால் எவ்வளவு வசதி! கட்டுரைக்குத் தலைப்புக்கூட யோசித்துவிட்டேன்.

டெக்சாஸ் கெடுத்துவிட்டது. அங்கே குடியேறிய செக்குகளில் பெரும்பாலோர் பக்தியான கத்தோலிக்கர்கள். பிராஹா, டுபினா போன்ற சிற்றூர்களில் உட்கூரை முழுக்க வண்ணம் தீட்டிய தேவாலயங்களைக் கட்டிவைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பழக்கூழ் வைத்த ‘கொலாச்சி’ ரொட்டி தின்பார்கள். அவர்களும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். பாதிரியாரை விரட்டியவனுக்கும் நிலம் சோறு போட்டது, பாதிரியாருக்குக் காணிக்கை வைத்தவனுக்கும் போட்டது. நாத்திகம் உண்மை என்பதால் அதை ஏற்கலாம். வருமானம் தரும் என்று விற்றால் அது இன்னொரு பரிகாரம், அவ்வளவே.

சரி, பண்பாட்டுக்குப் பங்கே இல்லையா என்று கேட்பார்கள். உண்டு. 1854-லேயே செயின்ட் லூயிஸ் நகரத்தில் செக்குகள் ஒரு பரஸ்பர உதவிச் சங்கம் தொடங்கினார்கள். நம்மூர்ச் சீட்டும் மரணநிதியும் சேர்ந்த மாதிரி. குடும்பத் தலைவன் செத்தால் விதவைக்குப் பணம் வரும். இது பெரிய காரியம். ஆனால் அது கையால் கட்டியது, கருவில் வந்தது அல்ல. யாரும் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். லாஸ் ஏஞ்சல்ஸ் தாய்லாந்துக்காரர்களும் 1994-ல் தங்களுக்கென்று ஒரு வளர்ச்சி மையம் தொடங்கினார்கள்.

கருவில் வருவதைப் பற்றி யாருக்காவது இன்னும் சந்தேகம் இருந்தால், இதையும் கேளுங்கள். பட்டாணிச் செடியில் மரபு விதியைக் கண்ட மெண்டல், செக்குகளின் பூமியான மொராவியாவில் இருந்த துறவி. அதே மடத்தில் அவருடைய நண்பர் கிளாட்செல். நம்பிக்கை போய், 1869-ல் அமெரிக்கா போனார். அயோவாவில் சுயசிந்தனைப் பத்திரிகை நடத்தினார். 1882-ல் வறுமையில் செத்தார். மரபணுவின் மடத்திலிருந்தே போனவருக்கும் ‘செக் ரத்தம்’ ஒரு சென்ட் சம்பாதித்துக் கொடுக்கவில்லை.

ஏணியில் ஏறியவர்கள் ஏணியை என்ன செய்தார்கள் என்பதற்கும் செக்குகளிடம் ஒரு உதாரணம் உண்டு. அலெஸ் ஹர்ட்லிச்கா. சிறுவனாக நியூயார்க் வந்து சுருட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ரீஸ் எழுதிய அதே உலகம். படித்து, ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் மானுடவியல் பொறுப்பாளர் ஆனார். ஆகி, மனித மண்டையோடுகளையும் மூளைகளையும் ஆயிரக்கணக்கில் சேர்த்து இனங்களை அளக்க ஆரம்பித்தார். யார் மேல், யார் கீழ் என்று. ‘போஹங்க்’ என்று திட்டு வாங்கிய பையன் கையில் அளவுகோல் கிடைத்ததும் இதுதான் நடந்தது.

சிரிக்காதீர்கள். 1923-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபியரின் வழக்கு வந்தது. குடியுரிமை கேட்டு அவர் தரப்பு வைத்த வாதங்களில் ஒன்று, உயர்சாதி ஆரியர் என்பதால் அவர் வெள்ளையரே என்பது. பூர்வகுடிகளோடு மணஉறவை உயர்சாதி இந்துவும் அருவருக்கிறான், வெள்ளையன் கறுப்பரை அருவருப்பதைப் போலவே என்பதும் அதில் அடக்கம். சாதியைத் தகுதிச் சான்றிதழாகக் கடல் கடந்து நீட்டியிருக்கிறோம். நீதிமன்றம் அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தது.

இன்று இந்தியர் முதலிடம் என்றால், 1965-க்குப் பிறகு விசா அதிகாரி படித்தவனைப் பொறுக்கி எடுத்தான் என்று பொருள். அதற்கு முன்பே நம் சாதிமுறை, யார் படிக்கலாம் என்று பொறுக்கி வைத்திருந்தது. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கி ரப்பர் காட்டுக்குப் போன தமிழனும், மீனம்பாக்கத்தில் ஹெச்-1பி முத்திரையோடு ஏறிய தமிழனும் ஒரே மொழி பேசினார்கள், ஒரே குழம்பு வைத்தார்கள். குழம்பில்தான் வெற்றி இருந்தால் இருவருக்கும் ஒரே வீடு இருந்திருக்க வேண்டும்.

இவ்வளவையும் குழுவில் போட முடியாது. சுருக்கி, பத்து வரியில் எழுதிப் போட்டேன். சித்தப்பா பார்த்துவிட்டார் என்று நீலக்குறி சொன்னது, பதில் இல்லை. பெரியப்பா ‘நல்ல தகவல்’ என்று போட்டார், அவர் எல்லாவற்றுக்கும் அதைத்தான் போடுவார். பதினோரு மணிக்குத் தம்பி முறையாகும் ஒருவனிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது. பெங்களூரில் நல்ல வேலையில் இருப்பவன்.

“அண்ணே, செம. ஒரு டவுட்டு. இந்தியர்னு மொத்தமா போட்ருக்கான்ல? அதுல தமிழ் தனியா லிஸ்ட் இருக்கா? அதுலயும் நம்ம ஆளுங்க எத்தனாவதுன்னு எங்கயாச்சும் கிடைக்குமா?”